பக்கத்து வீட்டுக்கு வந்த பாப்பா

போன வாரம் பக்கத்து வீட்டுக்குள் நாலு பெண்கள் சாப்பாட்டுக் கேரியரோடு நுழைந்ததைப் பார்த்தேன். வயிறு எரிந்தது! என் சமையல் ஒன்றும் மோசமில்லை. எரிச்சலுக்குக் காரணம் வேறு... முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஆந்திர எல்லையில் தறிகள் ஓடும் நகரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஸ்டெல்லா, ஸ்கூல் டீச்சர். அவளுக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. ஸ்கூல் திறக்கிற சமயத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். தத்து அல்ல, ஃபாஸ்டர் கேர். அதாவது, பெற்றவளால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்துக்கு மட்டும், சர்க்கார் அனுமதியோடு இன்னொரு குடும்பம் வளர்ப்பது. அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா சித்தூரில் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. பெயரை எழுதக் கூடாது. பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

பாப்பா வந்த மறுநாளே ஸ்டெல்லாவின் சர்ச் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி சோறு, குழம்போடு. ஒருத்தி துணி துவைக்க. சாயங்காலம் ஸ்டெல்லா வரும்வரை பாப்பாவோடு இருக்க ஒரு ரிட்டயர்டு நர்ஸ். திருப்பதியில் குழந்தைகள் நல ஆபீசுக்கு அலைய ஒருவர் கார் கொடுத்தார். ஸ்டெல்லாவுக்கே உடம்பு முடியாமல் போனால்? அதற்காக இன்னொரு குடும்பமும் விசாரணையெல்லாம் முடித்து, அனுமதி வாங்கித் தயாராக இருந்தது!

பாஸ்டரின் மனைவி சபையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்: “உங்கம்மா எங்கேன்னு யாரும் அந்தப் பாப்பாவக் கேக்காதீங்க. போட்டோ எடுக்காதீங்க. பாவம்னு உச்சுக் கொட்டாதீங்க. அவங்கம்மா குணமாவணும்னு ஜெபம் பண்ணுங்க, போதும்.”

எனக்கு ஏன் எரிய வேண்டும்? ஏனென்றால் நானும் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தவள்தான். என் மகள் நிலா தத்துப்பிள்ளை. இப்போது ஒன்பது வயது; அவளுக்கும் எல்லாம் தெரியும். கைக்குழந்தையாக அவள் வந்த அன்று எங்கள் சொந்தக்காரர்களும் வந்தார்கள் — வேடிக்கை பார்க்க. “யாரு பெத்ததோ... இன்னா ஜாதியோ” என்றாள் என் நாத்தனார். காபி குடித்தார்கள், போனார்கள். குளிப்பாட்டிவிடக்கூட ஒரு ஆள் இல்லை. வெளியே தறிச் சத்தம். உள்ளே பிள்ளையும் அழுதது, நானும் அழுதேன்.

நிலாவும் பக்கத்து வீட்டைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் கேட்டாள்: “அம்மா, நான் வந்தப்ப நம்ம வூட்டுக்கு யாரு சோறு எடுத்துக்கினு வந்தாங்க?”

என்ன சொல்வது? “உங்க நைனா ஓட்டல்லேர்ந்து இட்லி வாங்கிக்கினு வந்தாரு” என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கடுப்பில் ஸ்டெல்லா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. அவள்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“பாப்பா தலகாணிக்கடியில இட்லிய ஒளிச்சி வெக்கறாக்கா. நாளைக்கித் துன்ன கெடைக்காதுன்னு பயம். இன்னா பண்றதுன்னே தெரியல.”

“ஒரு டப்பாவுல பிஸ்கட் போட்டு அவ கையிலயே குடு. அவ டப்பா, அவ இஷ்டம். யாரும் தொடக் கூடாது” என்றேன்.

தலையாட்டினாள். பிறகு, “உங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா” என்றாள்.

“என்னைப் பாத்தா? உனக்குத்தான் சர்ச்சே வந்து நிக்குதே!”

“இருக்கட்டுங்க்கா. நிலாவ இட்டுக்கினு போறதுக்கு யாரும் வர மாட்டாங்கல்ல?”

மறுநாள் நானே அவள் வீட்டுக்குப் போனேன். அப்புறம் தினமும் போனேன்.

போன வாரம் அந்த நாள் வந்தே விட்டது. குணமாகி வந்த அம்மா, ஒல்லியாக, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பாப்பா பாய்ந்து ஓடி இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “எம் பொண்ண நல்லா பாத்துக்கினீங்கம்மா. லீவுக்கு இட்டுக்கினு வரேன்” என்று ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தாள் அவள். ஆட்டோ திரும்பும்வரை சிரித்தபடி நின்ற ஸ்டெல்லா, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இனி சர்ச்காரர்களுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். சாயங்காலமே வந்தார்கள்! அவர்களைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். வேறு குழந்தை வரும் என்று ஒருத்தியும் ஆறுதல் சொல்லவில்லை. சாப்பாடு போட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். வெதுருகுப்பம் என்ற ஊரில் பாப்பாவின் அம்மாவுக்கு வாடகைக்கு ரூம் பார்த்ததும் இவர்களேதானாம்.

பிள்ளை வந்த வீட்டுக்குப் போவது சரி. பிள்ளை போன வீட்டுக்கும் போகத் தெரிந்திருக்கிறதே... இது ஏன் நமக்குத் தெரியவில்லை? கோயில் கமிட்டி இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. திருவிழா என்றால் தெருவே திரள்கிறது. ஒரு குழந்தைக்காகத் திரளக் கூடாதா?

எங்கள் தெருவில் தறி ஓட்டும் தேவிக்கு ஒரு குழந்தையைத் தத்தெடுக்க அனுமதி வந்திருந்தது. பெண்களைக் கூப்பிட்டு, யார் என்ன செய்வது என்று பேசினேன்.

“நம்மள்ல இந்தப் பழக்கம் இல்லியே” என்றாள் ஒருத்தி.

“இன்னிலேர்ந்து இருக்கு!”

நேற்று முன்தினம் தேவியின் குழந்தை வந்தது. என் நாத்தனாரும் வந்தாள், குளிப்பாட்டினாள். நான் எதையும் கிளறவில்லை.

ஸ்டெல்லாவும் எட்டிப் பார்த்தாள். “எங்க சபையவிட ஜோரா நடத்தறீங்களேக்கா” என்றாள். குரலில் ஒரு சொட்டுப் பொறாமை.

காது குளிர்ந்தது, போங்கள்!