பூட்டிய புளி மண்டியில் பதினாறாவது விதி

நாடு சுதந்திரம் அடைந்து இரண்டாவது கோடை. காரிமங்கலத்தில் அன்று சந்தை நாள். எனக்குப் பதினெட்டு வயது. என் அப்பா ஊரில் ஒரு தர்ம சங்கத்துக்குக் காரியதரிசி. கஞ்சி ஊற்றுவது, தண்ணீர்ப் பந்தல் வைப்பது எல்லாம் சங்கம் ஒழுங்காகச் செய்தது. ஆனால் அப்பாவுக்கு உயிர் பிரசங்கத்தில்தான். கஞ்சிக்கு வருகிற கூட்டம் பிரசங்கத்துக்கு நிற்பதில்லை என்பது அவருக்குத் தீராத மனக்குறை.

அன்றைக்குச் சேலத்திலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். சர்வதேசச் சட்டமும் மனித உரிமையும் என்று தலைப்பு. உலக நாடுகள் கூடி முந்தின வருஷம்தான் முப்பது விதிகள் எழுதியிருந்தனவாம். போன கூட்டத்தில் மோர் குடித்த கையோடு ஜனங்கள் நழுவிவிட்டதால், அப்பா இந்த முறை உஷாராகிவிட்டார். கூட்டத்தைப் புளி மண்டியில் வைத்தார். மோரைக் கடைசிக்குத் தள்ளினார். எல்லாரும் உள்ளே வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்! மோர்ப் பானைக்குக் காவல் நான்.

முன்வரிசையில், என்னைப் பெண் பார்க்கக் கம்பைநல்லூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர் தம் அத்தையுடன் உட்கார்ந்திருந்தார். "மொதல்ல பிரசங்கம், அப்புறம் வூட்டுல பலகாரம்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வக்கீல் ஒவ்வொரு விதியாக எடுத்தார். "இது மூன்றாவது" என்றதும் பின்னாலிருந்து ஒருவர், "இன்னும் இருவத்தேழாடா சாமி!" என்று அலறினார். கூரைத் தகரம் கொதித்தது. புளி வாசனையில் வாய் ஊறி ஊறித் தாகம் வேறு. எல்லாரும் என் பானையைப் பார்த்தார்களே தவிர, வக்கீலை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒன்பதாவது விதி வந்தது. காரணமில்லாமல் யாரையும் அடைத்து வைக்கக் கூடாதாம். முன்வரிசைக்காரர் சட்டென்று எழுந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. மாடு ரெண்டும் வெயில்ல நிக்குது, தண்ணி காட்டணும். கதவு பூட்டியிருக்குதுங்க. இந்தச் சட்டம் எங்களுக்கும் உண்டுங்களா?"

மண்டியே கொல்லென்று சிரித்தது. தாம் சொன்னதை ஒரு ஆளாவது காதில் வாங்கினாரே என்று வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "உண்டு, பேஷாக உண்டு! கதவைத் திறந்துவிடுங்கள்" என்றார். அப்பாவின் முகம் பழைய புளி மாதிரி கறுத்தது. திறந்தார். அவ்வளவுதான், மோரைக்கூட மறந்து கூட்டம் முட்டிமோதி வெளியே ஓடியது. விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிஞ்சினோம்.

அப்பா என் அருகே வந்து பல்லைக் கடித்தார். "பொண்ணு பாக்க வந்தவன் என் மானத்தையே வாங்கிட்டான். இந்தச் சம்பந்தம் வேண்டாம். கூட்டம் முடிஞ்சதும் சொல்லி அனுப்பிடறேன்."

முன்வரிசைக்காரர் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மாட்டுக்காக அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்ற மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது. அதிலும், வெளியே போனவர்களில் திரும்பி வந்தது அவர் ஒருவர்தான். நனைந்த வேட்டியோடு பழைய இடத்தில் உட்கார்ந்து, "எத்தனாவது நடக்குதுங்க?" என்று கேட்டார்.

பதினாறாவதுதான் நடந்துகொண்டிருந்தது. பெண்ணும் ஆணும் மனமொப்பிச் சம்மதித்தால்தான் கல்யாணம்; யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார் வக்கீல். கையிலிருந்த சொம்பைப் பானைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

"ஐயா, இந்தச் சட்டம் பொம்பளைங்களுக்கும் உண்டுங்களா?"

"உங்களுக்காகத்தானே அம்மா எழுதியதே!"

"அப்படீன்னா எனக்குச் சம்மதமுங்க" என்றேன், அப்பா பக்கம் திரும்பாமலே.

முன்வரிசைக்காரர் பாதி எழுந்து, "எனக்குமுங்க" என்றார். வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தைக்காரிதான் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "ரெண்டு பேரும் சொல்லியாச்சு. மிச்சம் பதினாலையும் கல்யாணத்துக்கு அப்புறம் கேட்டுக்கலாம். பலகாரம் எங்கீங்க?"

அப்பா வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாமே வரவழைத்த பிரசங்கத்தை எப்படி மறுப்பார்? கடைசியில், "மாப்பிள்ளைக்கு மொதல்ல மோரை ஊத்து" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அதற்கப்புறம் அப்பா எந்தக் கூட்டத்திலும் கதவைப் பூட்டியதில்லை. மற்ற விதிகளை எந்த நாடு எவ்வளவு மதித்ததோ எனக்குத் தெரியாது; புளி மண்டியில் அன்று நிறைவேறிய அந்த ஒரு விதியில்தான் நான் இன்றுவரை குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.