பிரெஞ்சுத் தேர்தலும் ஒரு நீலப் பாவும்

2002 ஏப்ரல் 22, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். காற்று துளியும் இல்லை. அந்த நேரத்துக்கே ஆபீஸ் தகரக் கூரை சூடேறிச் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஆரணியில் ஒரு பட்டுக் கம்பெனியின் எக்ஸ்போர்ட் செக்‌ஷனுக்கு நான் மேனேஜர். அன்று பிரான்சிலிருந்து சரக்கு வாங்க வந்திருந்த பையர், மோனிக் அம்மையார், ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நான்கு தறிக்கு ஆறு மாத வேலை. அதை நம்பித்தான் முதலாளி பேங்கில் ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தார்.

அம்மையார் கண் சிவந்து வந்தார். லாட்ஜில் கொசு போலிருக்கிறது என்று நினைத்தேன். உட்கார்ந்ததும், "எங்கள் ஊரில் நேற்று ஓட்டு" என்றார். ஜனாதிபதி தேர்தலின் முதல் சுற்றில் தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர் இரண்டாவதாக வந்துவிட்டாராம். இனி களத்தில் இரண்டே பேர், மே ஐந்தாம் தேதி மறு ஓட்டு.

எனக்கு இது புதிதில்லை. எக்ஸ்போர்ட் பார்ப்பவன் பேப்பரில் வெளிநாட்டுப் பக்கத்தை விடக் கூடாது. இரண்டு வருஷம் முன்பு ஆஸ்திரியாவில் அந்த மாதிரிக் கட்சி ஒன்று ஆட்சியில் பங்குபெற்றது. போன வருஷம் டென்மார்க்கில் அப்படி ஒரு கட்சி தயவில் அரசு அமைந்தது. இப்போது பிரான்ஸ். இன்று வெளிநாட்டு ஆளை வராதே என்பவன் நாளை வெளிநாட்டுச் சரக்கை வராதே என்பான் என்பது என் கணக்கு.

"அவர்களுக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள்?" என்று கேட்டேன்.

"என் சொந்த அண்ணன் போட்டிருக்கிறார்" என்றார். அவர்கள் ஊரில் ஒரு நூல் மில் இருந்ததாம். மூடிவிட்டார்கள். அண்ணன் அதில் ஃபோர்மேன். "வெளியாட்களை அனுப்பிவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும் என்கிறார். மில்லை மூடியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்."

புதன் இரவே சென்னையிலிருந்து விமானம் ஏறுவதாகச் சொன்னார். ஊருக்குப் போய் வீடு வீடாக ஓட்டுக் கேட்க வேண்டுமாம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த நீல நிறப் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றும் பட்டு இழைகள், தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டுத் தறியில் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. போன வருஷம் வேறு ஊரில் சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று என்று ஏமாந்திருந்தார். அதனால் பாவைப் புதன் காலைக்குக் குறித்தோம்.

சபாபதி வந்தது

அன்று பன்னிரண்டு மணிக்கு சபாபதி ஆபீசுக்கு வந்தார். நாங்கள் பாவு போடும் தெருவின் நெசவாளர்களுக்கு அவர்தான் தலைவர். நல்ல தறிக்காரர். கல்யாணம், சாவு எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். அவர் மகன் மூன்று வருஷமாகத் தறி கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். பவர்லூம் வந்து பாதி வேலையைத் தின்றுவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது. அது போய் விழுந்த இடம்தான் வேறு.

எங்கள் தறி ஷெட்டில் ஒன்பது பேர் பெரணமல்லூரிலிருந்து முதல் பஸ்சில் வந்து வேலை செய்தார்கள். கூலிக்கு வயலில் இறங்கிய குடும்பங்கள். எட்டு வருஷமாக எங்களிடமே தறி கற்று, ஆறு தறி ஓட்டினார்கள். பாவு நீட்டவும் அவர்கள்தான் வருவார்கள்.

"சார், அந்த ஆறு தறியும் எங்க தெருவுக்கு வரணும்" என்றார் சபாபதி. "நெசவுன்னா இன்னான்னே தெரியாத ஊர்லேர்ந்து வந்து ஒக்காந்துகினு இருக்கானுங்க. எங்க புள்ளைங்க டீக்கடையில ஒக்காந்துகினு இருக்குது."

"நல்லாத்தானே நெய்யறாங்க சபாபதி."

"நல்லா நெய்யட்டும், அவங்க ஊர்ல நெய்யட்டும். அவங்கள நீங்க அனுப்பலன்னா புதன்கெழம பாவு எங்க தெருவுல போடக் கூடாது. தெரு எங்களுது."

மோனிக் அம்மையார் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: வெளியாட்களை அனுப்பிவிட்டால் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும் என்கிறார்.

சொல்லி முடிக்கும்போதே என் காதில் உறைத்தது. காலையில் அவருடைய அண்ணன் சொன்ன வாக்கியத்தைப் பகலில் அவரிடமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மொழிபெயர்க்கிறீர்களா, என்னைக் கேலி செய்கிறீர்களா?" என்றார் அவர்.

முதலாளிக்குக் கையெழுத்துதான் முக்கியம். "அந்த ஒம்பது பேர ரெண்டு நாள் வர வேணாம்னு சொல்லிடுங்க. அந்தம்மா ஃப்ளைட் ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சாயங்காலம் ஷெட்டில் போய் நான்தான் சொன்னேன். ஒன்பது பேரும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

கை எண்ணியது

செவ்வாய்க்கிழமை எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. நீலப் பாவு ஆறு வீட்டு நீளம். கஞ்சி போட்டபின் அது காயும்வரை தொய்யாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், பிறகு பட்டு பட்டாகாது. இரண்டு முனையிலும் கயிறு பிடிக்க ஆள், நடுவில் குச்சி தாங்க ஆள், கஞ்சி தேய்க்க ஆள், அறுந்த இழையை முடிய ஆள். குறைந்தது பதினான்கு பேர். சபாபதி தெருவில் விடியற்காலை யார் யார் இருப்பார்கள் என்று வீடு வீடாக எண்ணிப் பார்த்தேன். வேலை இல்லை என்று அவர் சொன்ன பிள்ளைகளில் பாதிப் பேர் ராணிப்பேட்டைக் கம்பெனி பஸ்சில் ஐந்தரைக்கே ஏறிவிடுவார்கள். மீதிப் பேர் எட்டு மணிக்கு முன்னால் எழுந்து யாரும் பார்த்ததில்லை. எப்படிக் கூட்டினாலும் ஐந்துக்கு மேல் வரவில்லை.

மூன்று மணி பஸ்சில் பெரணமல்லூர் போனேன். ஒன்பது பேருக்கும் மூத்தவர் முனுசாமி. புளியமரத்தடியில் நின்றுகொண்டே பேசினார்.

"வான்றீங்க, வர்றோம். போன்றீங்க, போறோம். நாங்க இன்னா சார், பஸ்சுல ஏத்தி எறக்கற மூட்டையா?"

"தப்புதான் முனுசாமி. நாளைக்கு நீங்க இல்லன்னா பாவு போச்சு. பாவு போனா ஆர்டர் போச்சு. உங்க ஆறு தறியும் சேந்துதான் போகும்."

"வர்றோம். தெரு முனையில நிப்போம். அவரு தெருவு தானே? அவரு வாயால கூப்பிடட்டும். கூப்பிடலன்னா திரும்பிடுவோம்."

முதலாளியிடம் சொல்லாமல் நான் ஒரு வேன் பேசினேன்.

புதன்கிழமை

ஐந்தரை மணிக்குப் பாவைத் தெருவில் விரித்தார்கள். காற்று எழும் முன் முடிக்க வேண்டும். சபாபதியோடு சேர்த்து ஐந்து பேர். அவர் மகன் வரவில்லை. மோனிக் அம்மையார் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேன் தெரு முனையில் நின்றது. ஒன்பது பேரும் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சபாபதி அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரிக் கஞ்சி போடச் சொன்னார்.

பத்து நிமிடம் தாங்கியது. பிறகு நடுவில் பாவு தொய்ய ஆரம்பித்தது. கீழ்முனையில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சபாபதி பின்பக்கமாகச் சாய்ந்து நின்றார். விட்டால் போச்சு. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

அவர் மனைவி கன்னியம்மா வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றாள். "இன்னாயா, உன் படை எங்க? ஊரக் கூட்டறேன்னு சொன்ன, உன் புள்ள கூட எழுந்திருக்கல."

"வாய மூடிகினு வந்து குச்சியப் புடி."

"நான் புடிக்கிறேன். மீதி எட்டு பேரு வேலய யாரு செய்யறது? அந்த வெள்ளக்கார அம்மாவா?"

மோனிக் அம்மையார் எழுந்து வந்து நிஜமாகவே ஒரு குச்சியைத் தாங்கினார். அப்போதும் பாவு ஒரு சாண் இறங்கியது.

சபாபதி தலையைத் திருப்பினார். "யோவ் முனுசாமி."

"இன்னாங்க?" முனுசாமி டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"பாத்துகினே நிக்கிறியே, வாய்யா."

"தெரு உங்களுதுன்னு சொன்னாங்க."

"தெரு என்னுதுதான்யா, அதான் கூப்பிடறேன். ஜல்தி வா, இடுப்பு ஒடியுது."

ஒன்பது பேரும் ஓடி வந்தார்கள். யார் எங்கே நிற்பது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முனுசாமி நேராகக் கீழ்முனைக்குப் போய் சபாபதிக்குப் பின்னால் நின்று அதே கயிற்றைப் பிடித்தார். பாவு விண்ணென்று எழுந்தது. ஏழு இருபதுக்குக் காய்ந்த பாவைச் சுருட்டினார்கள். ஆறு வீட்டு நீளத்தில் ஓர் இழை ஒட்டவில்லை. அந்த மாதிரிப் பாவை என் சர்வீசில் நான் வேறு பார்த்ததில்லை.

பகல் ஒன்றரைக்குப் பாவு தறியேறியது. அம்மையார் கையெழுத்துப் போட்டார். நான் சும்மா இருக்கவில்லை. இத்தனை பெரிய ஆர்டருக்கு இருபத்து நான்கு தறி இழுபறி, இரண்டு தறி கூடப் போட வேண்டும் என்று முதலாளி முன்னால் கணக்கு வைத்தேன். இரண்டும் சபாபதி தெருவுக்கே போயின. ஒன்றில் அவர் மகன் உட்கார்ந்தான். ஆறு தறி முனுசாமி ஆட்களிடமே இருந்தது. அதற்குப் பிறகு அனுப்பு என்ற பேச்சை அந்தத் தெருவில் நான் கேட்கவில்லை.

மே ஆறாம் தேதி காலை சபாபதியே ஆபீசுக்கு வந்து கேட்டார். "அந்தம்மா ஊர்ல இன்னா ஆச்சு சார்? போன் போடுங்களேன்." பூத்துக்குப் போய் ஐ.எஸ்.டி. போட்டோம். அந்தக் கட்சித் தலைவர் தோற்றுவிட்டார். நூற்றில் எண்பதுக்கு மேல் எதிராக விழுந்திருந்தது. எதிரும் புதிருமாக இருந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கம் வந்து போட்டார்களாம். அண்ணன் என்ன செய்தார் என்று கேட்டேன். ஓட்டுப் போடவே போகவில்லை, ஆனால் மத்தியானம் தன் வீட்டுக்குச் சாப்பிட வந்தார் என்றார் அம்மையார். சபாபதி ரிசீவரை வாங்கி, தெரிந்த ஒரே ஆங்கில வார்த்தையில் தேங்க்ஸ் சொன்னார்.

ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் கட்சிக்கும் போட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கவலை இருந்தது, இன்றும் இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. வேலை இல்லாதவன் கோபப்படுவான், அவனைத் திட்டாதீர்கள், அவனுக்குத் தறி தேடுங்கள். யாரையாவது அனுப்பினால் எல்லாம் சரியாகும் என்று ஒருவர் வந்து சொன்னால், அனுப்பியபின் பாவுக்கு எத்தனை கை மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேன் வாடகை அறுநூறு, ஒன்பது பேருக்கும் டிரைவருக்கும் டீ, பன் எண்பத்தைந்து, ஐ.எஸ்.டி. நூற்று அறுபத்தெட்டு. கேட்காமல் செய்த செலவு என்று முதலாளி வவுச்சரில் கையெழுத்துப் போடவில்லை. ஆக, என் கைப்பணம் எண்ணூற்று ஐம்பத்து மூன்று ரூபாய்.