கொரியக் கஷாயத்தோடு தஞ்சாவூர் வரை

காலை ஐந்தே முக்காலுக்குக் குடவாசலில் கார் ஏறினோம். தஞ்சாவூர் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். போய்வர வாடகை மூவாயிரம். ஊர் சுற்றும் பயணமல்ல. என் மனைவி மேரிக்குப் பத்து நாளாக நெஞ்சு படபடப்பு, பொட்டுத் தூக்கமில்லை. இருதய டாக்டரிடம் போகிறோம். எனக்குப் பயமாக இருந்தது.

கும்பகோணத்துக்கு முன்னால் பாதிச் சாலையைக் காயப்போட்ட குறுவை நெல் அடைத்திருந்தது. டிரைவர் ரவி வேகத்தைக் குறைத்தார்.

“நெல்லு மேல ஏத்தக் கூடாதுங்க.”

“ஏத்துங்க தம்பி, நான் சொல்லிக்கறேன்” என்றேன். நானும் நெல் விளைவிக்கிறவன்தான். அன்று நெல் பெரிதாகப் படவில்லை.

ஏழேகாலுக்குப் பாபநாசம். காபி இருபது ரூபாய். மேரி கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். உடம்பு இளைக்க, தென்கொரியாவில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய மூலிகைக் கஷாயம். நாளுக்கு மூன்று பாக்கெட். மூலிகைதானே என்று நானும் விட்டிருந்தேன். மடக்கென்று குடித்து முகம் சுளித்தவள், சூடு ஆறும் முன்பே காபியை வாயில் ஊற்றிக்கொண்டாள்.

“கசப்பு போகணும்ல?”

அய்யம்பேட்டை தாண்டும்போது அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கார் கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் இளம் பெண்.

“ஹார்ட் நல்லா இருக்கும்மா. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“மாத்திரையே கிடையாதுங்க டாக்டர்.”

மேரி பொய் சொல்லவில்லை. கஷாயம் மாத்திரையா என்ன? நான்தான் பாக்கெட்டை மேசையில் வைத்தேன். அதில் எல்லாம் கொரிய எழுத்து. டாக்டர் சொன்னபடி அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினோம். உடனே கூப்பிட்டாள்.

“காபியோட குடிக்கக் கூடாதுன்னு பின்னாடி போட்டிருக்கும்மா. நான் சொல்லலையா?”

“சொல்லலையே.”

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இந்த மாதிரி கஷாயத்துல நெஞ்சைப் படபடக்க வைக்கற மூலிகை இருக்கும்மா. காபியும் சேர்ந்தா கேக்கவே வேணாம். இதோட நிறுத்திடுங்க. அடங்கிடும். அடுத்த வாரம் வந்து காட்டுங்க.”

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

பதினொரு மணிக்கு ஊர் திரும்பக் கிளம்பினோம். கவலை விட்டதும் வாய் சும்மா இருக்குமா?

“எதுக்கு மேரி உனக்கு இந்தக் கஷாயமெல்லாம்?”

அவள் வயலைப் பார்த்தபடி சொன்னாள்: “உங்க தம்பி வீட்டுக் கல்யாணத்துல, பந்தியில அத்தனை பேர் முன்னாடி, இவளுக்கு ரெண்டு நாற்காலி போடுங்கன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.”

பாபநாசத்தில் காலையில் நின்ற காபிக்கடையைத் தாண்டினோம். பிறகு, “மன்னிச்சிடு மேரி, தப்பு என்மேலதான்” என்றேன். அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள், லேசான குறட்டையோடு.

குடவாசல் வரை தோளை அசைக்கவில்லை. பாரமாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.