தெரிந்தவர் போல நின்றவர்

பதினொன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். திருமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. முப்பத்தொன்றாவது பெயருக்கு வந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. என் தோழி ஜெபராணியின் கணவர் டேனியல் அண்ணன். பள்ளி நேரத்தில் கூப்பிடுகிறவர் அல்ல. “மாரி, ஜெபா போயிட்டாம்மா. காலையில ஏழு மணிக்கு” என்றார். “சரிண்ணே” என்றேன். பேனாவை மூடினேன். பிறகு திறந்து அந்தப் பெயரை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஜெபராணியும் நானும் படித்த பள்ளியின் பழைய மாணவிகள் இந்த அஞ்சலிக் கட்டுரையைக் கேட்டபோது, ‘அவர்’ என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக வாடி போடி என்று பேசிய ஆள். இதைப் படித்திருந்தால் “யாருடி அந்த அவரு?” என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்திருப்பார். அவரைத் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அவர் நோயாளியாகச் சென்னைக்குக் கிளம்பியபோது நான் அவரைத் தனியாக அனுப்பிவிட்டேன். அதைச் சொல்லாமல் அஞ்சலி எழுதினால் அது பொய்.

நான் பேரையூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண். அங்கே பிளஸ் ஒன்னில் அறிவியல் குரூப் கிடையாது. அதனால் அப்பா மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் என்னைச் சேர்த்து, விடுதியில் பெட்டியை இறக்கி வைத்தார். கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. “ஒரு வாரம் இருந்து பாரு தாயி. பிடிக்கலைன்னா சனிக்கிழமை வாரேன், டி.சி.ய வாங்கிக்கிட்டுப் போயிருவோம். நம்ம ஊர்ல எந்தக் குரூப்பு இருக்கோ அதைப் படி” என்றார். அந்த நிமிடமே சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் காலை பள்ளி வளாகத்தில் நின்றது மறக்காது. அதே பள்ளியில் பத்து முடித்த பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கையைக் கோத்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. என் சீருடையைத் தையல்காரர் இன்னும் தரவில்லை. பச்சைப் பாவாடை தாவணியில் நான் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிந்தேன். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று யாரிடமாவது கேட்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

அப்போது படிக்கட்டின் அருகில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். சாயம் வெளுத்த பழைய சீருடை, தூணில் சாய்ந்த நிலை, இந்தப் பள்ளியையே கட்டியவர் மாதிரி ஒரு பார்வை. “ஏய், பச்சைத் தாவணி! முதல் குரூப்பா? வா, எடம் போட்டு வச்சிருக்கேன்” என்றார். எனக்கு உயிர் வந்தது. பின்னாலேயே போனேன். போகிற வழியில் எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த மிஸ் கோபக்காரர், எந்த மணிக்கு இடைவேளை என்று ஒன்று விடாமல் சொன்னார். பெயர் ஜெபராணி என்றும் சொன்னார்.

மூன்றாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்தோம். வந்த மிஸ் கரும்பலகையில் மொத்த வணிகம், சில்லறை வணிகம் என்று எழுதினார். நானும் எழுதிக்கொண்டேன். சந்தேகம் வந்து ஜெபராணியின் காதில் கேட்டேன். “ஆரம்பத்துல இப்படித்தான் பொதுவா நடத்துவாங்க. தவளையெல்லாம் அடுத்த வாரம்தான் வரும்” என்றார், கண்ணைச் சிமிட்டாமல். இரண்டு பாடவேளை முடிந்த பிறகு அலுவலகத்திலிருந்து வருகைப் பட்டியல் வந்தது. பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார்கள். எங்கள் இருவர் பெயரும் வரவில்லை. “நீங்க ரெண்டு பேரும் யாரு?” என்று மிஸ் கேட்டார். வணிகவியல் படிக்கும் மூன்றாவது குரூப் வகுப்பில் நாற்பது பெண்கள் சேர்ந்து சிரித்ததை நாங்கள் வராண்டாவில் நின்று கேட்டோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “பழைய பிள்ளைன்னு சொன்னியே?” என்றேன். “நான் எங்கடி சொன்னேன்? நீயா நெனச்சுக்கிட்ட. இது எங்க சித்தி மகளோட பழைய யூனிபார்ம்” என்றார். அவருடைய அப்பா திருச்சபையில் உபதேசியார். மூன்று வருடத்துக்கு ஓர் ஊர் மாற்றுவார்களாம். அது ஜெபராணிக்கு ஐந்தாவது பள்ளிக்கூடம். என்னைப்போலவே அன்று காலையில்தான் அந்த வாசலை மிதித்திருக்கிறார். “எனக்கும் இங்க யாரையும் தெரியாது. தெரியாத மாதிரி நின்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. தெரிஞ்ச மாதிரி நின்னா யாராவது வந்து நிப்பாங்க. நீ வந்த.” சொல்லும்போது அவருடைய உதடு லேசாக நடுங்கியது. அதை மறைக்கச் சட்டென்று சிரித்தார். “விடு, தப்பா போனாலும் ரெண்டு பேராத்தான போனோம்? ஒத்தையா போயிருந்தா இந்நேரம் அழுதிருப்போம்ல.”

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமை அப்பா வந்தார். கையில் பெட்டியைக் கட்டக் கயிறுகூடக் கொண்டுவந்திருந்தார். “என்னம்மா, கிளம்புவமா?” என்றார். ஜெபராணி சற்றுத் தள்ளி நின்று வானத்தைப் பார்ப்பதுபோல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு வாரம் இருந்து பாக்குறேன்பா” என்றேன். அந்த இன்னொரு வாரம் இரண்டு வருடம் ஆயிற்று. அன்று ஊருக்குப் போயிருந்தால் இன்று நான் வேதியியல் ஆசிரியை இல்லை. இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இறந்துவிட்டார் என்பதற்காக எல்லாவற்றையும் புகழ முடியாது. இரவல் வாங்கிய புத்தகத்தை அவர் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. பாடகர் குழுவில் அவர் சேர்ந்தால் மற்றவர்களும் ராகம் தப்புவார்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பதினொன்றரை. தெரியாது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். பெரும்பாலும் ஆரம்பித்தது நான்தான்.

படிப்பு முடிந்து அவருக்கு ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்க்கை நாட்களில் ஊர்களிலிருந்து வரும் பெற்றோர் மஞ்சள் பையோடு மரத்தடியில் தயங்கி நிற்பார்களாம். இவர் தன் மேசையை விட்டு எழுந்து போய் “வாங்கப்பா, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்” என்பாராம். மேலதிகாரியிடம் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறார். “அவங்களுக்கு ஃபாரம் முக்கியமில்ல மாரி. யாரோ ஒருத்தர் நம்மளை எதிர்பாக்குறாங்கன்னு தெரியணும், அம்புட்டுத்தான்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அன்று அவர் விளையாட்டாகப் பேசவில்லை.

போன வருடம் அவருக்கு நோய் வந்தது. புற்று என்று இங்கே சொல்லி, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மகன் பத்தாம் வகுப்பு, டேனியல் அண்ணனுக்கு விடுப்புக் கிடைக்காத வேலை. “நான் வரட்டுமா ஜெபா?” என்று போனில் கேட்டேன். அரையாண்டு விடைத்தாள்கள் என் மேசையில் கட்டுக்கட்டாக இருந்தன. அவருக்கு அது என் குரலிலேயே தெரிந்திருக்கும். “நீ என்னத்துக்கு? எங்க சபை ஆளுக பாதிப்பேரு அங்கதான் வேலை பாக்குறாக. வாட்ச்மேன்ல இருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாரையும் எனக்குத் தெரியும். நீ பேப்பரைத் திருத்து” என்றார்.

நான் நம்பிவிட்டேன். எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று ஜெபராணி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் முதலில் தெரிந்துகொண்டவள் நான். மூன்றாவது குரூப் வகுப்பிலிருந்து அவரோடு வெளியேற்றப்பட்டவள். அதே குரல், அதே தோரணை. எனக்கே புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்? உண்மையைச் சொன்னால், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் கேட்டேன். கேட்டேனே தவிர, பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கவில்லை.

துக்க வீட்டில் டேனியல் அண்ணன் என்னிடம் சொன்னார்: “சபை ஆளா? அங்க ஒருத்தரையும் அவளுக்குத் தெரியாதேம்மா. ஒவ்வொரு தடவையும் நீ கூட வாரேன்னு சொன்னதா என்கிட்ட சொல்லிட்டுப் போனா.” இருவரிடமும் ஒவ்வொரு பொய். அந்தப் பந்தலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஓர் ஊரில், அத்தனை பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவர் தனியாக நின்றதை நினைத்து நினைத்து என்னையே சபித்துக்கொண்டேன்.

அப்போது பந்தல் ஓரத்தில் ஓர் அம்மாள் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலைமுடி கொட்டி, முக்காடு போட்டிருந்தார். கையில் ஒரு மாலை. அவரை யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் யாரையும் தெரியவில்லை. என் பக்கத்து நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, ஜெபராணியோடு படித்தவள், இப்போது ஆசிரியை என்று என்னைப் பற்றிச் சொன்னேன். பெயர் பஞ்சவர்ணம், கொட்டாம்பட்டி என்றார். ஜெபராணி இரண்டு முறை சென்னை ஆஸ்பத்திரிக்கு வரவில்லையே என்று அன்று காலை போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்ததாம்.

“எனக்கும் அதே சீக்குதான் டீச்சர்” என்றார். “மொத நாளு அந்த ஆசுபத்திரி வாசல்ல எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கிறேன். இந்தப் புள்ள தூணுல சாஞ்சுக்கிட்டு, ‘அக்கா, இங்க வாங்க, எடம் போட்டு வச்சிருக்கேன்’னு கூப்பிடுச்சு. அங்க வேலை பாக்குற புள்ளையாக்கும்னு பின்னாடியே போயிட்டேன். ரெண்டு மணி நேரம் ஒரு வரிசையில உக்காந்திருந்தோம். கடைசியில பாத்தா அது ரத்தம் குடுக்குறவுக வரிசையாம். நர்சம்மா வந்து, உங்க உடம்புல இருக்கிறதே பத்தாது, இதுல நீங்க குடுக்க வந்தீகளான்னு வையுது. அப்பத்தான் சொல்லுச்சு, அதுக்கும் அன்னைக்குத்தான் மொத நாளுன்னு.”

“அப்புறம் என்ன சொன்னா?” என்றேன்.

“தப்பா போனாலும் ரெண்டு பேராத்தானக்கா போனோம்னு சொல்லிச் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். சீக்கு வந்தப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.” பிறகு இருவரும் சிகிச்சைக்கு ஒரே தேதியாக வாங்கிக்கொள்வார்களாம். ஜெபராணி மதுரை மாட்டுத்தாவணி நிலையத்தில் சென்னைப் பேருந்து ஏறி, பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு, கேட்கிறவர்களோடெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வழியில் இந்த அக்கா ஏறும் கொட்டாம்பட்டி வரைக்கும் அந்த இடத்தைக் காத்து வருவாராம். கடைசியாகப் போனபோது அக்காவின் மடியில் தலை வைத்துத்தான் தூங்கினாராம்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுதது பாதி, சிரித்தது பாதி. அவர் தனியாக இருக்கவில்லை. அதற்கு நான் காரணமும் இல்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் பஞ்சவர்ணம் அக்கா, மாட்டுத்தாவணிக்கு எந்தப் பக்கம் பஸ் ஏற வேண்டும் என்று கேட்டார். ஜெபராணியின் குடும்பம் ஊருக்கு வெளியே அந்தப் புதுக் குடியிருப்புக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் வந்ததே ஆட்டோவில். “வாங்கக்கா, எனக்குத் தெரியும்” என்றேன். இடது பக்கம் திரும்பினோம். பிறகு வலது. புதிதாகக் கட்டிய வீடுகள் முடிந்து, கருவேலம் புதர் வந்து, கடைசியில் ஒரு கண்மாய்க் கரையில் போய்ப் பாதை நின்றுவிட்டது. அக்கா கண்மாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லச் சிரித்தார். “இப்ப நம்புறேன் டீச்சர். நீங்க அந்தப் புள்ளையோட கூட்டாளிதான்.”

வந்த வழியே திரும்பி நடந்தோம், கையைப் பிடித்துக்கொண்டு.

அக்காவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சென்னையில் தேதி. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாட்டுத்தாவணியில் ஏறி, பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டு வைப்பேன். கொட்டாம்பட்டி வரைக்கும் யாரையும் உட்கார விடமாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒருவரையும் தெரியாது, ஜெபா. தெரிந்த மாதிரி நிற்பேன். நீ போய் வா.