கூப்பிடாப் பாறை

ஆபீசில் மதியம் சாப்பிடும்போது, பக்கத்து மேசைக்காரி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏட்டி, இது உங்க ஊரு மலைதான?" திரையில் பத்துப் பேர் ஒரு பாறையைப் பார்த்து "ஓய்" என்று கத்தினார்கள். பாறையும் திருப்பிக் கத்தியது.

நான் என் டப்பாவை மூடினேன். அவள் டப்பாவில் எலுமிச்சைச் சாதம். எங்கள் மலையிலும் மிதித்தால் எலுமிச்சை மணக்கிற புல் உண்டு. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு அதை மோந்து பார்க்க இதைவிட்டால் வழியில்லை.

வாசுதேவநல்லூருக்கு மேற்கே அந்த மலையில்தான் அப்பா வீடு கூட்டுகிற வாரியலுக்குப் புல் அறுப்பார். லீவு நாளில் தூக்குச்சட்டியோடு நானும் பின்னால் போவேன். கூப்பிடாப் பாறை வந்துவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அடியில் இருக்கிற சுனைக்கு மிளா மான் தண்ணீர் குடிக்க வரும், சத்தம் கேட்டால் ஓடிவிடும். முன்னால் போகிறவர் ஒரு கொப்பை ஒடித்து வழியில் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவருக்கு அது போதும். வாயாடியான நானே அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மிளாவின் காது அசைவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரி முடித்ததும் அடிவாரத்தில் புதிதாக வந்த விடுதியில் வேலை கிடைத்தது. நடையே மாறிப்போயிற்று எனக்கு. வழிப்பலகைகளுக்கு எழுதித் தரச் சொன்னார் மேலாளர். கொடுத்தேன்.

"கூப்பிடாதன்னு எழுதினா எவம்மா வருவான்? நல்லதா மாத்து."

‘டா’வை எடுத்துவிட்டு ‘டு’ போட்டேன். கூப்பிடு பாறை. படிக்காத ஜனங்கள் கொச்சையாகச் சொல்லிவந்ததைத் திருத்திவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன். பலகைக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து அப்பாவைக் கூட்டிப் போனேன். அவர் எழுத்துகளை விரலால் தடவினார். "எம்மா, என்ன எழுதிருக்க?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மை வரவில்லை. "கூப்பிடாப் பாறைன்னுதாம்பா."

மேலே ஒரு வேன் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

வேலையை விடுவதற்கு முன் பலகையை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன், சிரித்தார்கள். சுனையைச் சுற்றி இப்போது மிளாவின் குளம்படி ஒன்றுகூட இல்லை. கொப்பு ஒடித்துப் போடவும் ஆள் இல்லை. அப்பா மட்டும், அன்று பலகையைப் பார்த்துச் சொன்னதையே இன்றும் போனில் சொல்லுகிறார்:

"நீ அம்புட்டு அழகா எழுதி வச்சிருக்க. கத்துதவனுவ, பாவம், படிக்கத் தெரியாதவனுவ போல."