தீர்த்தம்மாள் சொல்லி அனுப்பியது

மாது மாடுகளோடு மலையேறிப் போன அந்தக் கோடையில், அவன் பெண்டாட்டி தீர்த்தம்மாள் சித்திரையிலேயே செத்துப்போனாள். அவனுக்கு அது ஆடியில்தான் தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் அவன் சிரிக்கிற இடத்தில் நாமும் சேர்ந்து சிரித்துத் தொலைப்போம்.

அறுபத்தாறாம் வருஷம் இருக்கும். நல்லம்பள்ளிப் பக்கம் கிணறெல்லாம் காய்ந்து, மாட்டுக்குக் காட்ட ஒரு பிடி பச்சை இல்லை. பண்ணைக்காரர் ராஜாமணி தன் நாற்பது மாடுகளையும் வத்தல்மலைக் காட்டுக்கு ஓட்டச் சொன்னார். அங்கே முள் அடைத்துப் பட்டி போட்டு, காவலுக்கு மாதுவை நிறுத்தினார். பட்டிக்கு ஒரு கட்டுத்திட்டம் உண்டு. காவலுக்கு நிற்கிறவன் மழை விழும்வரை ஊருக்குள் இறங்கக் கூடாது. தீட்டுப்பட்ட கால் பட்டிக்குள் பட்டால் மாட்டுக்கு நோய் வரும், சிறுத்தை வரும் என்று பயம்.

தீர்த்தம்மாள் வாய்க்காரி. மாது புறப்படும்போது நாலு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியனுப்பினாள்.

"போங்க, போங்க. ஒரு மாட்டுக்குத் தாலி கட்டியிருந்தா உங்களுக்கு இன்னும் தோதா இருந்திருக்கும்."

மாது சிரித்துக்கொண்டே போனான். ஆறு வருஷமாகக் கேட்டுப் பழகிய வாய்தான்.

மலையில் பேச ஆளில்லை. பாறைமேல் ஏறி நின்றால் ஊர் தெரியாது, புழுதிதான் தெரியும். ஆனாலும் தினமும் ஏறி நிற்பான். எட்டு நாளுக்கு ஒரு தடவை பண்ணையாள் மாதையன் கேழ்வரகு மாவும் உப்பும் சுமந்து வருவான். மூட்டையை இறக்கக்கூட விடாமல் மாது கேட்பான்:

"வூட்ல என்ன சொன்னா?"

"புளி தீந்துபோச்சாம். மலை நெறைய மரம் இருக்குதே, அந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சான்னு கேட்டா."

மாதுவுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்புத்தான்.

சித்திரையில் ஊரில் வாந்திபேதி வந்தது. காலையில் படுத்த தீர்த்தம்மாள் பொழுது சாயப் போய்விட்டாள். மாதையன் மலைக்கு ஓடப் பார்த்தான். ராஜாமணி மறித்தார்.

"காதுல விழுந்தாத்தானடா தீட்டு? விழாத வரைக்கும் அவன் சுத்தந்தான். அவன் எறங்கிட்டா நாப்பது மாட்டை யாரு பாக்கறது? நீ போய்ப் படுக்கறியா சிறுத்தைகிட்ட?"

மாதையன் வாயை மூடிக்கொண்டான். யார் என்ன சமாதானம் சொன்னாலும் சரி, அது பாவம்தான். மாது போட வேண்டிய பிடி மண்ணைத் தீர்த்தம்மாளின் தங்கை கண்ணம்மாளுடைய புருஷன் போட்டான். பிள்ளையைக் கண்ணம்மாள் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த தடவை மாதையன் மாவு கொண்டுபோனபோது மாது ஓடி வந்தான்.

"வூட்ல என்ன சொன்னா?"

மாதையன் தயாராகப் போகவில்லை. "உடம்பைப் பாத்துக்கச் சொன்னா."

"யாரு?"

"தீர்த்தம்மாதான்."

"என் பொண்டாட்டியா?"

"உன் பொண்டாட்டிதான்டா. வேளா வேளைக்குத் தின்னச் சொன்னா."

மாது அவனையே பார்த்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான். "ஒரு மாசம் கண்ணுல படலேன்னதும் அருமை தெரியுது பாருடா!"

செத்தவள் வாயில் திட்டு வைக்க மாதையனுக்குப் பயம். அதனால் நல்ல வார்த்தையாகவே கொண்டுபோனான். பையன் உன் சாடைன்னா. நீ இல்லாம சோறு எறங்கலேன்னா. ஆறு வருஷம் குடித்தனம் பண்ணியும் வராத ஏக்கம் மாதுவுக்கு அப்போதுதான் வந்தது. இனிமேல் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்ல மாட்டேன் என்று பதில் சொல்லி அனுப்பினான். ஆனியில் அவனால் தாங்க முடியவில்லை.

"ஒரே ஒரு தடவ எறங்கி, எட்ட நின்னாவது மூஞ்சியப் பாத்துட்டு வந்துடறேன். அய்யாகிட்டச் சொல்லாதே."

மாதையனுக்கு வேறு வழி தெரியவில்லை. "வேண்டாண்டா. வேலைய முடிச்சிட்டே வரட்டும்னு அவளே சொன்னா."

அவளே சொன்னாள் என்றதும் மாது மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பாவியை நிறுத்திவைக்கவும் செத்தவளின் வாய்தான் வேண்டியிருந்தது.

ஆடியில் மழை விழுந்தது. மாது மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினான். அடிவாரத்து ஓடையில் ராஜாமணி ஒவ்வொரு மாடாகத் தடவிப் பார்த்தார். நாற்பதும் இருந்தன. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"உன் பொண்டாட்டி தவறிட்டா மாது. சித்திரையில." மூச்சுகூட விடாமல் அடுத்ததையும் சொன்னார். "இப்பக் காதுல வாங்கிட்டே. கன்னுங்களைத் தொடாம தள்ளி நில்லு."

மாது மாதையனைப் பார்த்தான். "போன வாரங்கூடச் சொல்லியனுப்பினாளே?"

"நாந்தான் சொன்னேன்."

"எல்லாமா?"

"சித்திரைக்குப் பொறவு எல்லாம்."

மாதுவுக்கு அழுகை வரவில்லை. நேரே கண்ணம்மாள் வீட்டுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு மாதப் பிள்ளை தூளியில் கிடந்தது.

"கண்ணம்மா, கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"அதெல்லாம் எதுக்கு மாமா இப்ப?"

"இருந்ததை இருந்தபடி சொல்லு. நல்லதாச் சொல்லாதே."

கண்ணம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'நான் இங்க சாவறேன், அந்த ஆளு அங்க மாட்டு வாலப் புடிச்சிக்கிட்டு நிக்கறான். வந்தாலும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்'னு சொன்னா."

"அவதான்," என்றான் மாது. "அது அவதான்." அப்புறந்தான் அவன் பெண்டாட்டி அவனுக்குச் செத்தாள். தூணில் தலையை மோதிக்கொண்டு கத்தினான்.

கண்ணம்மாள் மூன்று மாதத்துக்கு முன்பே அழுது முடித்தவள். தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"மெதுவா அழுங்க மாமா. இப்பத்தான் தூங்குனான்."