குதிகால் பிடிக்கும் விஜயகலா

கலியாண வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் விஜயகலா குனிந்துவிட்டார். ஆசீர்வாதம் கேட்கிறாராக்கும் என்று அந்த மனிதரும் நெஞ்சை நிமிர்த்திக் கையைத் தூக்கினார். விஜயகலாவின் இரண்டு விரல்கள் அவருடைய குதிகாலுக்கு மேலே ஓடும் தடித்த நரம்பைப் பிடித்து, மேலும் கீழும் ஒருமுறை தடவிப் பார்த்தன. "மெல்லிசாத்தான் இருக்கு மாமா. இருந்தாலும் ஒருக்கா ரத்தம் பாத்துருங்க. காலு ஏமாத்தும், ரத்தம் ஏமாத்தாது," என்று சொல்லிவிட்டு அடுத்த காலைத் தேடிப் போய்விட்டார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பெரியப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டுகிறவர் விஜயகலா. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. ஒல்லியான உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத குரல். பஸ்ஸில் கண்டக்டரோடு சிங்களத்தில் சண்டை பிடிப்பார், பக்கத்து சீட்டுக்காரியிடம் அந்தச் சண்டையைத் தமிழில் விளக்குவார். பஸ்ஸில்தான் எனக்கும் பழக்கமானார். எனக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனாலும் முதல் நாளே, "தங்கச்சி, காலக் கொஞ்சம் காட்டுங்க," என்றார். நான் காட்டினேன். மாட்டேன் என்று சொல்ல அந்தக் குரல் விடவில்லை.

இந்தக் கால் பிடிக்கும் வேலை சில வருடங்களாகத்தான். ஒருநாள் காலையில் மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டொக்டர் றிப்னா, நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்த கையோடு, விஜயகலாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் மொளிகளின் மேல் சிறு சிறு கட்டிகள். "கத்தி புடிச்சுப் புடிச்சு காச்சிப்போச்சுங்க மிஸ்," என்றார் விஜயகலா. கத்தி படுவது உள்ளங்கையில். கட்டி இருந்ததோ புறங்கையில். குதிகால் நரம்பும் வீங்கித் தடித்திருந்தது. எல்லாம் கொழுப்பு என்றார் டொக்டர்.

"நான் திங்கிறது காஞ்ச ரொட்டியும் சம்பலும். எனக்கு எங்கிருந்துங்க கொழுப்பு வரும்?"

"நீங்க திண்டதால இல்லம்மா. பொறக்கும்போதே கொண்டு வந்தது. உங்கட வீட்டுல வேற யாரும் சின்ன வயசுல மௌத்தாகினாங்களா?"

விஜயகலாவின் அப்பா அப்படித்தான் போனார். அண்ணன் கந்தையா நாற்பதைக்கூட எட்டவில்லை. பால் வாளியோடு மரங்களுக்கு நடுவே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. காற்றுக் கறுப்பு அடித்துவிட்டது என்று தோட்டத்தில் முடிவு கட்டி, அவர் விழுந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வெட்டிப் போட்டார்கள்.

விஜயகலாவின் ரத்தம் கொழும்புக்குப் போயிற்று. அங்கே ஓர் ஆய்வுக் குழு அதைப் படித்துப் பார்த்தது. படித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மனித உடம்பின் குறிப்பு முந்நூறு கோடி எழுத்துகளால் ஆனதாம். ரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்க ஈரலில் சிறு கதவுகள் உண்டு. அந்தக் கதவைச் செய்யும் குறிப்பில் விஜயகலாவுக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பாதிக் கதவுகள் திறப்பதில்லை. முந்நூறு கோடியில் ஒன்று! அதைத் தேடிப் பிடித்தவர்களை நினைத்தாலும் எனக்கு மலைப்பு; ஒரு குடும்பத்தையே சாய்க்க அந்த ஓர் எழுத்துப் போதும் என்பதை நினைத்தாலும் மலைப்பு. விஜயகலா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "அப்ப எங்கண்ணனுக்குக் காத்தும் அடிக்கல, கறுப்பும் அடிக்கல. அநியாயமா எலுமிச்சங்காய வீணாக்கிட்டோம்." சொல்லிவிட்டு அழுதாராம்.

ரத்த சொந்தங்களை மட்டும் கூட்டி வரச் சொன்னார் டொக்டர். விஜயகலா மகனையும் மருமகள் நிரோஷினியையும் கூட்டிப்போனார்.

"மருமகள் தேவையில்லம்மா. ரத்த சொந்தம் மட்டுந்தான்."

"அவதாங்க மொத ரத்தம்! எங்க கந்தையா அண்ணன் மகளத்தானே எம் மகனுக்கு எடுத்திருக்கேன்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் மகளை மருமகளாக்குவது இந்தத் தோட்டத்து லயன் குடியிருப்புகளில் உரிமை, பெருமையும்கூட. மகனுக்கும் மருமகளுக்கும் அதே எழுத்துத்தான் மாறியிருந்தது. வீட்டில் சின்னப் பிள்ளை உண்டா என்று கேட்டார் டொக்டர். மறுநாளே நான்கு வயதுப் பேத்தி கவிஷா வந்தாள். அவள் கவுனைச் சற்று உயர்த்தியபோது முழங்காலில் மஞ்சள் கட்டிகள்; மரு என்று நினைத்து வீட்டில் சுண்ணாம்பு தடவி வந்தார்கள். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று, இரண்டும் அவளுக்கு வந்திருந்தன. இன்னும் சில வருடங்கள் விட்டிருந்தால் பத்து வயதிலேயே நெஞ்சு அடைத்திருக்கும். இப்போது தினம் மாத்திரை, கொழும்பில் விசேஷ வைத்தியம், மாதாமாதம் இங்கே ஆசுபத்திரிக் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை. கொழுப்பின் அளவு பாதிக்கு இறங்கிவிட்டது.

"அண்ணன் போயி எவ்வளவு காலம்! பாத்தீங்களா தங்கச்சி, எங்க வீட்டுக்குள்ளயேதான் இருந்திருக்காரு," என்று ஒருநாள் விஜயகலா சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இந்த வேட்டை. கொடகவெல வரை பஸ் ஏறிப் போய்ச் சொந்தங்களைத் தேடினார். சாவு வீடு, சாமத்திய வீடு, தேர்த் திருவிழா எதையும் விடவில்லை. "குதிகால்காரி வர்றா," என்று பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். ஆனாலும் ஒவ்வொருவராகக் கிளினிக்குக்கு வந்தார்கள். மாத்திரை விழுங்கிக்கொண்டு நன்றாக நடமாடுகிறார்கள்.

அகப்படாதவன் ஒருவன்தான்: கிருஷ்ணகுமார், நிரோஷினியின் அண்ணன், செத்துப்போன கந்தையாவின் ஒரே மகன். கரவனெல்லவில் த்ரீவீல் ஓட்டுகிறான். அப்பா விழுந்த வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறான். மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறான் என்று நிரோஷினி சொன்ன நாளிலிருந்து விஜயகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சினார், திட்டினார், அவனுடைய த்ரீவீலிலேயே ஏறி உட்கார்ந்து, "ஆசுபத்திரிக்கு விடுடா," என்றும் பார்த்தார். "தெரியாத வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருப்பேன் அத்த. தெரிஞ்சிருச்சுன்னா அன்னைக்கே செத்துருவேன்," என்று அவன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவனுடைய பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் நான் பிரஷர் மாத்திரைக்காகக் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். விஜயகலா போனில் கத்திக்கொண்டிருந்தார். "புள்ளைக்கு ஊசி குத்தணும், மடியில வச்சிக்க ஆள் வேணும். எவனாவது வச்சிக்கட்டுமா? தாய்மாமன் நீ இருக்கையில வேற எவன் மடியிலடா வைக்கிறது? காது குத்துனப்ப யாரு வச்சிருந்தா?" மாமன் மடியைக் கேட்டால் எந்த மாமன்தான் மறுப்பான்? கிருஷ்ணகுமார் வந்தான். நான்கு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் வந்தான்.

கவிஷா மாமன் மடியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். நர்ஸ் ஊசியோடு கிட்ட வந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"மாமாவுக்கு மொதல்ல."

இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விஜயகலா மும்முரமாகக் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவுக்கு வலிக்குமா?" என்று குழந்தை கேட்டாள்.

கிருஷ்ணகுமார் அவளைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே மடித்தான். உள்ளே இருந்து எழுந்து வந்த டொக்டர் றிப்னா புதிய குழாய் ஒன்றை எடுத்துப் பேர் கேட்டார். சொன்னான். அப்பா பேர் கேட்டார்.

"கந்தையா," என்றான்.

ரத்தம் எடுத்து முடிந்தது. நர்ஸ் பஞ்சை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி அவனிடம் சொன்னார். அவன் கை வருவதற்குள் விஜயகலாவின் கட்டைவிரல் பஞ்சின்மேல் இருந்தது. கவிஷாவுக்கும் எடுத்தாயிற்று. அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். நிரோஷினி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நின்னுருச்சு அத்த. விடுங்க," என்றான் கிருஷ்ணகுமார்.

விஜயகலா விரலை எடுக்கவில்லை.